ஸ்டெப்னிக்கு ஒரு சீட்

அத்தல்லாவின் நெஞ்சின் மேல் ஸ்டெப்னி உட்கார்ந்திருந்தது.

ரிம்மோடு சேர்த்து நாற்பது கிலோ. ஜீப்பின் பின்பக்கத் தரையில் மல்லாந்து கிடந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் துருப்பிடித்த கூரை, டயரின் கறுப்பு விளிம்பு, அதற்கு மேல் எட்டிப் பார்த்த வெல்டர் ரக்கானின் முகம். ரக்கான் கையில் டீ கிளாஸ் இருந்தது.

"தூக்குடா!"

"இரு, டீ சூடா இருக்கு."

"மூச்சு முட்டுது!"

"பேச வருதுல்ல? அப்ப மூச்சும் வருது. டயர் போச்சுன்னு நெனச்சேன். நல்லவேளை, கீழ நீ இருந்த."

கடைசி மடக்கைக் குடித்து, கிளாஸை ஜாக்கிரதையாக ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் ரக்கான் டயரைப் புரட்டினான். அத்தல்லா எழுந்து உட்கார்ந்து விலா எலும்புகளை எண்ணினான். எல்லாம் இருந்தன. சட்டைப் பையிலிருந்த போன்தான் மூன்று துண்டாகியிருந்தது.

பக்கச் சுவரில் ரக்கான் அடித்துக் கொடுத்த இரும்புத் தகடு, நான்கு போல்ட்டுகளோடும், போல்ட்டுகளைப் பிடித்திருந்த துருவோடும் பெயர்ந்து வந்திருந்தது.

"உன் வண்டில இரும்பே இல்லப்பா. பெயிண்ட்டு மேல பெயிண்ட்டா நிக்குது" என்றான் ரக்கான்.

"இன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள இந்த டயர் வண்டிக்குள்ள ஆடாம அசையாம நிக்கணும் ரக்கான். இல்லேன்னா என் குடும்பம் போச்சு."

இது மிகையில்லை. ஒன்பது நாளாக அத்தல்லா தானே சுட்ட ரொட்டியைத் தானே தின்று கொண்டிருந்தான். மேலே கரி, உள்ளே மாவு. வாதி ரம் பாலைவனத்தின் எந்த ஆட்டுக்குப் போட்டாலும் அது முகர்ந்து பார்த்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

மனைவி ஹம்தா கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம், ஸ்டெப்னி.

இருபத்திரண்டு வருஷமாக அது ஜீப்பின் பின்கதவில்தான் தொங்கியது. பதினைந்து நாள் முன்பு கதவின் கீல் விட்டுப்போக, அத்தல்லா அதை எடுத்து வண்டிக்குள் போட்டான். கட்டவில்லை. "எங்க போயிடப் போகுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பதில் அடுத்த வாரம் கிடைத்தது. குவைராச் சந்தையிலிருந்து திரும்பும்போது, செம்மணல் மேட்டிலிருந்து ஜீப் மூக்கைக் குத்தி இறங்கிய வேகத்தில், டயர் உருண்டு வந்து, சந்தைச் சாமான்களோடு பின்னால் உட்கார்ந்திருந்த ஹம்தாவின் மடியில் உட்கார்ந்தது. மடியில் ஏற்கெனவே ஒரு முட்டைத் தட்டு இருந்தது. முப்பது முட்டை.

அத்தல்லா பிரேக் அடித்தான், குதித்தான், பின்கதவைத் திறந்தான். பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியை இன்று வரை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறான்.

"டயருக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஹம்தா முட்டை வழிய வழிய வீடு வரை வந்தாள். குளித்தாள். துணிமூட்டையைக் கட்டினாள். "அந்த டயரையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஃபுரைஜை வரவழைத்து அவன் பிக்கப்பில் ஏறிப் போய்விட்டாள்.

கோபித்துப் போன மனைவியைப் புருஷன்காரன் தனியாகப் போய்க் கூப்பிட முடியாது. ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தூது அழைத்துப் போக வேண்டும். காப்பி வரும். பெரியவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார். "எங்க வேண்டுதலைக் கேட்டாத்தான் காப்பி இறங்கும்" என்பார். மனமிரங்கினால் வீட்டுக்காரர், "குடிங்க, கேட்டது கெடச்சாச்சு" என்பார். அத்தோடு சுபம்.

அத்தல்லா இரண்டு தூது போய்விட்டான். இரண்டிலும் சுபம் இல்லை.

முதல் தூதில் ஊர்ப் பெரியவர் ஹாஜி தைஃபல்லா கோப்பையைக் கீழே வைத்தார். ஃபுரைஜ் எழுந்து வாசலுக்கு வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். டயர் அப்போதும் கட்டாமல் கிடந்தது. "மாப்ள, என் தங்கச்சி மேல மறுபடி உருளட்டும்னு கொண்டாந்திருக்கியா?" என்றான். காப்பி ஆறியது.

இரண்டாவது தூதுக்கு அத்தல்லா டயரைக் கூரை மேல் கயிறு போட்டுக் கட்டினான். ஃபுரைஜ் வீட்டுக்கு நேர் மேலே உள்ள சரிவில் கயிறு அறுந்தது. டயர் தூதுக் குழுவை முந்திக்கொண்டு இறங்கி, ஆட்டுப் பட்டியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, காப்பிக் கெண்டியின் மேல் படுத்தது. எழுபது ஆடுகளைப் பொழுது சாயும் வரை தேடினார்கள். ஹாஜியும் தேடினார், எழுபது வயதில், முட்டிவலியோடு.

"இதுதான் கடைசி. உள்ள மாட்டி, நட்டுப் போட்டு, ஆட்டிப் பாத்தா அசையக் கூடாது. அப்படின்னா வா. இல்லேன்னா ஹம்தாவுக்கு இங்கயே ஒரு ரூம் கட்டிடறேன்" என்று ஃபுரைஜ் சொல்லிவிட்டான். செங்கல் கூட வந்து இறங்கியிருப்பதாகக் கேள்வி.

இன்று அஸருக்குப் பின் மூன்றாவது தூது.

காலையில் ஹாஜியைக் கூப்பிடப் போனபோது அவர் போர்வையை விட்டு வெளியே தலையை நீட்டவில்லை.

"மறுபடியுமா? ஆடு மேய்க்க வேற ஆளப் பாருடா."

"ஹாஜி, நீங்க இல்லாம..."

"என் முழங்கால் ரெண்டும் என்கிட்ட பேசறதில்ல. மெத்துன்னு ஒரு சீட்டு, குலுங்காத வண்டி, ரெண்டும் இருந்தா சொல்லு. அப்பக்கூட யோசிப்பேன்."

அதனால்தான் அங்கிருந்து நேராக நெடுஞ்சாலை ஓரத்து ரக்கான் பட்டறைக்கு வந்து, மத்தியானம் வரை தகடு அடிக்க வைத்து, இப்போது டயருக்கடியில் கிடந்து எழுந்திருக்கிறான்.

"சுவர் தாங்காது. தரையில படுக்க வச்சு, நடுவுல போல்ட் விட்டு முடுக்கிடுவோம்" என்றான் அத்தல்லா. டிரில்லிங் மெஷினை அவனே எடுத்தான்.

"கீழ என்ன இருக்குன்னு பாத்துக்க."

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன் ரக்கான். இந்த வண்டியப் பத்தி எனக்கா சொல்ற?"

டிரில் சத்தம் போட்டு இறங்கியது. முதல் ஓட்டை அருமையாக விழுந்தது. இரண்டாவது ஓட்டையும் அருமையாகத்தான் விழுந்தது. அதிலிருந்து வந்த வாசனை மட்டும் வேறு மாதிரி இருந்தது.

ரக்கான் மூக்கை உறிஞ்சினான். வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து, நிதானமாகச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் அணைத்துவிட்டு, அங்கிருந்தே கத்தினான்:

"இருபத்திரண்டு வருஷமா பெட்ரோல எங்க ஊத்திக்கிட்டு இருந்த?"

அத்தல்லா வண்டிக்கடியில் பாய்ந்தான். டிரில் முனை பெட்ரோல் டாங்கின் பக்கவாட்டைக் கடித்திருந்தது. சொட்டு சொட்டாக இறங்கியதைச் சுட்டுவிரலால் அடைத்தான். நின்றது. விரலை எடுத்தான். சொட்டியது. மறுபடி வைத்தான்.

"சோப்பு கொண்டா! சோப்பு வச்சு அடைக்கலாம்!"

"கடையில இருந்துதான் வாங்கிட்டு வரணும். அசையாத."

ரக்கான் போனான். கடை முந்நூறு அடி தூரம். ரக்கான் அந்த முந்நூறு அடியை நாற்பது நிமிஷத்தில் கடந்தான், ஏனென்றால் வழியில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாற்பது நிமிஷத்தில் அத்தல்லாவுக்குத் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தது. நாற்பத்து நான்கு வயது. பாலைவனத்தில் திசை தப்பிய வெள்ளைக்காரர்களை எல்லாம் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்த்தவன் என்று பெயர். இப்போது முதுகுக்கடியில் சரளைக்கல், மூக்கின் மேல் ஈ, சொந்த வண்டியின் ஓட்டைக்குள் விரல். ஹம்தா இப்போது பார்த்தால் சிரிப்பாள். அவள் சிரித்தால் போதும் என்று தோன்றியது. அவள் சிரித்தால் வீடு முழுக்கச் சிரிக்கும். அதைக் கேட்டு ஒன்பது நாள் ஆகிறது.

வெளியே கைத்தடிச் சத்தம் கேட்டது. இரண்டு பாதங்கள் ஜீப்பின் அருகே வந்து நின்றன. சுத்தமான செருப்பு. வெள்ளை வெளேரென்ற அங்கியின் விளிம்பு.

"அத்தல்லா! எங்கடா இருக்க?"

"கீழ இருக்கேன் ஹாஜி."

ஹாஜி தைஃபல்லா குனிந்தார். தாடியில் அத்தர் மணந்தது. கண்ணுக்கு மை கூடப் போட்டிருந்தார்.

"அங்க என்னடா பண்ற?"

"பெட்ரோல் டாங்க்ல விரல் வச்சிருக்கேன்."

"நல்லது. எப்பக் கெளம்பலாம்?"

அத்தல்லாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. காலையில் போர்வைக்குள்ளிருந்து பேசிய மனிதர், இந்தப் பொசுக்கும் வெயிலில் தானாக நடந்து வந்திருக்கிறார்.

"ஹாஜி, நீங்க வர மாட்டேன்னு..."

"யாருடா சொன்னது? ஒரு குடும்பம் சேரணும்னா என் முழங்கால் பெருசா? யோசிச்சுப் பாத்தேன். மனசு கேக்கல."

அத்தல்லாவின் கண் கலங்கியது. துடைக்கக் கை காலியாக இல்லை. ஒன்று ஓட்டையில், மற்றது முட்டுக்கொடுத்து.

"ஆனா ஹாஜி, டயர் இன்னும் நிக்கல. பக்கச் சுவர் பிஞ்சிடுச்சு, தரை ஓட்டையாயிடுச்சு. நாளைக்கு வச்சுக்கலாமா? ஃபுரைஜுக்கு யார் மூலமாவது சொல்லி அனுப்பிடலாம்..."

"நாளைக்கா?" ஹாஜியின் குரல் உயர்ந்தது. "அங்க ஒரு மனுஷன் அடுப்பப் பத்தவச்சுக் காத்துக்கிட்டு இருக்கான்! வாக்குன்னா வாக்குடா. இன்னைக்கே போறோம்."

ரக்கான் பச்சை சோப்போடு வந்து சேர்ந்தான். அத்தல்லா சோப்பைப் பிசைந்து, விரல் இருந்த இடத்தில் அப்பி, அதன் மேல் ஒரு பேரீச்சம்பழத்தையும் நசுக்கி அழுத்தினான். சொட்டு நின்றது.

"இப்ப இந்தத் தரையில வெல்டிங் வச்சுப் பிடிச்சுடு ரக்கான்."

"வைக்கறேனே. பொறி ஒண்ணு பட்டா நம்ம தூது நேரா மேல போய்ச் சேரும். அங்க காப்பி எப்படி இருக்கும்னு தெரியாது." ரக்கான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். முன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். அவன் முகத்தில் ஒரு ஒளி வந்தது. ரக்கான் முகத்தில் ஒளி வந்தால் ஊரில் யாருக்காவது ஏதாவது உடையும் என்பதை அத்தல்லா மறந்துவிட்டான்.

"ஓட்டையே போட வேணாம். டிரைவர் பக்கத்து சீட்டு நாலு போல்ட்ல நிக்குது. அப்படியே கழட்டி எடுத்துட்டு, அந்த நாலு போல்ட்லயே நம்ம தகட்டை மாட்டி, நடுவுல நீளமா ஒரு போல்ட்ட நிறுத்தி, டயரைப் படுக்க வச்சு, ரிம்முக்கு நடுவால பெரிய நட்டுப் போட்டா... பூமி அதிர்ந்தாலும் அது அசையாது."

அருமையான யோசனை. அரைமணியில் முடிந்தது. சீட் வெளியே வந்தது, டயர் உள்ளே போனது. ரக்கான் ஒரு முழ நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று நட்டை முடுக்கினான். அத்தல்லா டயரை உதைத்தான். ஜீப் ஆடியது, டயர் ஆடவில்லை. மறுபடி உதைத்தான். கால் வலித்தது. சந்தோஷமாக வலித்தது.

கழற்றிய சீட்டைப் பின்பக்கம் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அத்தல்லாவே அதைத் துடைத்தான்.

"ஹம்தாவுக்கு. இனிமே அவளுக்குன்னு தனி சீட்டு. டயர் முன்னாடி, அவ பின்னாடி. ரெண்டு பேரும் பாத்துக்கவே வேண்டியதில்ல."

"எல்லாம் சரி" என்றான் ரக்கான். "ஹாஜி எங்க உக்காருவாரு?"

மூவரும் ஜீப்பைப் பார்த்தார்கள். முன்னால் டிரைவர் சீட் ஒன்று. அதற்குப் பக்கத்தில் டயர்.

"ஹாஜி, நீங்க பின்னாடி ஹம்தா சீட்டுல..."

"தூதுக்குப் போற பெரியவன் பின்கதவு வழியா இறங்கறதா? ஆட்டுக்குட்டியா நான்?" ஹாஜி டயரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். "இதுலயே உக்காந்துக்கறேன். ரப்பர்தானே. மெத்துன்னுதான் இருக்கும்."

"நடுவுல குழி இருக்கு ஹாஜி. நட்டு வேற நிக்குது."

"ரெண்டு சாக்கு போடு. குடும்பம் சேர்றதுக்கு இதுகூடத் தாங்க மாட்டேனா?"

இந்த மனிதரின் பெருந்தன்மையை அத்தல்லா எப்படி அளப்பான்? சாக்கை மடித்துப் போட்டான். ஹாஜி ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் இறங்கினார். ஆனால் ராஜா மாதிரிதான் இருந்தது.

தூதுக்கு மூன்று பேராவது வேண்டும் என்று ரக்கானையும் ஏற்றிக்கொண்டார்கள். அவன் ஹம்தாவின் சீட்டில் போய் உட்கார்ந்தான்.

"ஒரு நிமிஷம் ஹாஜி, வீட்டுக்குப் போயி சட்டைய மாத்திட்டு வந்துடறேன். பெட்ரோல் நாறுது."

"வேணாம்!" என்றார் ஹாஜி சட்டென்று. "வீட்டுக்குப் போகாத. இப்படியே வா. அழுக்கா போனாத்தான் இரக்கம் வரும். எடு வண்டிய."

அனுபவசாலி சொல்கிறார். அத்தல்லா வண்டியை எடுத்தான்.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் வரை எல்லாம் சரியாக இருந்தது. முதல் மேட்டில் ஏறியபோது கயிறு தளர்ந்து, ஹம்தாவின் சீட் ரக்கானோடு சேர்ந்து பின்கதவு வரை போனது. இறங்கியபோது ரக்கானோடு சேர்ந்து முன்னால் வந்தது.

"அத்தல்லா! உன் பொண்டாட்டி சீட்டு ஊஞ்சலாடுது!"

"காலை ஊனிக்க!"

"எங்கடா ஊன்றது? ஒரு பக்கம் ஓட்டை!"

டயர் மட்டும் மலை போல் நின்றது. அதில்தான் பிரச்சினை. டயர் அசையாதபோது, ஒவ்வொரு குலுக்கலிலும் ஹாஜிதான் அசைய வேண்டியிருந்தது. மேலே எழும்பினார், கீழே விழுந்தார். விழும் ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் உள்ளே போனார். மூன்றாவது மேட்டில் அவருடைய முழங்கால்கள் மார்புக்கு வந்தன. நான்காவது மேட்டில் தாடி முழங்காலைத் தொட்டது.

"ஹாஜி, கஷ்டமா இருக்கா? திரும்பிடலாமா?"

"ஓட்டு. ஃபுரைஜ் வீட்டுப் பக்கம் புகை தெரியுதா பாரு."

"தெரியுது."

"பெருசா, சின்னதா?"

"பெருசாத்தான்."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார். புகையை வைத்துக் காற்றடிக்கும் திசையைக் கணக்குப் போடுகிறார் போல என்று அத்தல்லா வியந்தான். அந்தக் காலத்து மனிதர்கள்.

பாறை நிழலில் ஃபுரைஜின் வீடும், அதையொட்டிக் கறுப்புக் கூடாரமும். வாசலில் ஃபுரைஜும் அவன் பங்காளிகள் நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். அத்தல்லா இறங்கி, ஓடிப் போய் ஹாஜியின் பக்கக் கதவைத் திறந்தான்.

"வாங்க ஹாஜி! வீடு உங்க வீடு. இறங்குங்க" என்றான் ஃபுரைஜ்.

ஹாஜி எழுந்திருக்கவில்லை.

"இறங்குங்க ஹாஜி."

"இங்க காத்து நல்லா வருது" என்றார் ஹாஜி.

ஃபுரைஜ் காத்திருந்தான். ஹாஜி சிரித்தார். சிரிப்பு நெற்றியில் வியர்வையாக இறங்கியது. அத்தல்லா அவர் காதருகே குனிந்தான்.

"என்ன ஹாஜி?"

"உள்ள மாட்டிக்கிட்டேன்டா."

கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. ரக்கான் பின்னாலிருந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ஜீப் எழும்பியது, ஹாஜி எழும்பவில்லை.

"டயரோட கழட்டி இறக்கிடலாம்" என்றான் ஒரு பங்காளி.

"கழட்டலாம். நட்டு எங்க இருக்குன்னு நெனச்ச?" என்றான் ரக்கான். "ஹாஜிக்குக் கீழ. ஹாஜி எழுந்தாத்தான் நட்டு வரும். நட்டு வந்தாத்தான் ஹாஜி எழுவாரு."

ஃபுரைஜ் கிட்டே வந்தான். ஜீப்புக்குள் தலையை விட்டான். டயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. ஹாஜியை ஆட்டிப் பார்த்தான். அவரும் அசையவில்லை. அவன் உதடு துடித்தது. ஆனால் வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது மரியாதையில்லை. ஆகாயத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"டயர நல்லாவே மாட்டியிருக்க மாப்ள."

அத்தல்லா வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஃபுரைஜ் மனைவியின் சிரிப்பு கேட்டது. ஹம்தாவின் சிரிப்பு கேட்கவில்லை. இவ்வளவு நடந்தும் அவள் சிரிக்கவில்லை என்றால் கோபம் எலும்பு வரை போயிருக்கிறது.

"சரி. பெரியவர் வர முடியாட்டி காப்பி வரட்டும்" என்றான் ஃபுரைஜ்.

கெண்டி வந்தது. ஜீப்பைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஏலக்காய் மணந்தது. ஃபுரைஜ் சின்னக் கோப்பையில் ஊற்றி, திறந்த கதவு வழியாக நீட்டினான். முழங்கால்களுக்கு நடுவேயிருந்து ஹாஜியின் கை வெளியே வந்து வாங்கியது. உதட்டில் வைக்காமல், டயரின் ஓரத்தில், தன் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

அத்தல்லாவின் இதயம் பழைய டீசல் இன்ஜின் மாதிரி அடித்தது.

"எங்க வேண்டுதலைக் கேட்டாத்தான் இந்தக் காப்பி இறங்கும்" என்றார் ஹாஜி.

முதல் தடவை ஃபுரைஜ் அரைமணி நேரம் தாடியைத் தடவிவிட்டுத்தான் எழுந்தான். இந்தத் தடவை மூச்சு விடும் நேரம் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"குடிங்க ஹாஜி. எதுக்காக வந்தீங்களோ அது கெடச்சாச்சு. என்னன்னு கூட நான் கேக்கல. நீங்களே சொல்லுங்க, இப்பவே நடக்கும்."

கெடச்சாச்சு! அத்தல்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது நாள், முப்பது முட்டை, எழுபது ஆடு, ஒரு பெட்ரோல் டாங்க்... எல்லாம் வீண் போகவில்லை. இனி ஹாஜி "ஹம்தாவை அனுப்பு" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஹாஜி மூச்சை இழுத்தார்.

"என்னை இந்த டயர்ல இருந்து வெளிய எடுங்கப்பா."

அத்தல்லாவின் வாய் திறந்தபடி நின்றது.

"ஹாஜி! அது இல்ல! ஹம்தா... ஹம்தாவ..."

"கேட்டாச்சு மாப்ள" என்றான் ஃபுரைஜ். "பெரியவர் வாயால கேட்டுட்டாரு. ஒரு கோப்பைக்கு ஒரு வேண்டுதல். டேய், நெய் கொண்டாங்கடா!"

ஒரு தூக்கு நெய் வந்தது. ரிம்மைச் சுற்றி ஊற்றினார்கள். நான்கு பங்காளிகளும் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். ரக்கான் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினான். மூன்றில் ஹாஜி புட்டி மூடி திறக்கும் சத்தத்தோடு வெளியே வந்து, நால்வரோடும் சேர்ந்து மணலில் விழுந்தார். எழுந்து, நெய் மணக்கும் அங்கியை உதறி, டயர் ஓரத்திலிருந்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கூடாரத்துக்குள் தாம்பாளம் வந்தது. இரண்டு பேர் தூக்கி வர வேண்டிய தாம்பாளம். மெல்லிய ரொட்டிக்கு மேல் சோறு, சோற்றுக்கு மேல் முழு ஆட்டுக் கறி, கறிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கத் தயிர்க் குழம்பு, அதற்கும் மேல் வறுத்த பாதாம். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ரக்கான் பேசுவதை நிறுத்தினான்.

அத்தல்லாவுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. சோற்றை உருட்டினான், வைத்தான். உருட்டினான், வைத்தான். நான்காவது தூதுக்கு இனி எந்தப் பெரியவர் வருவார்? ஊரே சிரிக்கும். பெண்டாட்டியைக் கூப்பிடப் போய்க் கிழவனை இழுத்துக்கொண்டு வந்தவன் என்று பேரன் காலம் வரை சொல்வார்கள், பேரன் என்று ஒருவன் பிறக்க ஹம்தா திரும்பி வந்தால். அந்தச் செங்கல் வேறு கூடார ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது.

எதிரே ஃபுரைஜ் நல்ல கறித் துண்டாகப் பிய்த்து இவன் பக்கம் தள்ளினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கண்ணில் ஏதோ ஒரு குறும்பு. தங்கையின் வாழ்க்கை இப்படி ஆனதில் இவனுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?

பக்கத்தில் ஹாஜி இரண்டாவது சுற்றில் இருந்தார். முழங்கால் வலியே இல்லாத மனிதர் போல் சம்மணம் போட்டுச் சாய்ந்து, மூன்று விரலால் சோற்றைப் பந்தாக உருட்டி, கட்டைவிரலால் சுண்டி வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அத்தல்லாவால் தாங்க முடியவில்லை.

"ஹாஜி" என்று கிசுகிசுத்தான். கிசுகிசுப்பு பாதியில் அழுகையானது. "ஒரே ஒரு வார்த்த... ஹம்தாவ அனுப்புன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அவன் எதக் கேட்டாலும் குடுக்கறேன்னு நின்னான் ஹாஜி! நீங்க இன்னும் பத்து நிமிஷம் அந்த டயர்ல இருந்திருந்தா என்ன? இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போவேன்?"

ஹாஜி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"கத்தாதடா, விருந்தாளிங்க சாப்புடறாங்க. உன் பொண்டாட்டி கோவம் தீந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டா, ஃபுரைஜ்தான் கொண்டாந்து விட்டான். விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து, 'ஹாஜி, தூது வருதுன்னு விடியக்காலையிலயே ஆட்டை அறுத்துட்டேனே, இப்ப என்ன பண்றது'ன்னு கண் கலங்கி நின்னான் பாவம்... அந்த ஈரலை இப்படித் தள்ளு."